முருகைக்கு ஊட்டும் சுண்ணாம்பு

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையில் நின்று கிழக்கே நோக்குவோர், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இரண்டு பாறைத் தீவுகளைக் காண்பர். மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதால் அவ்விடம் புறாமலை என்றும் புறாத் தீவு என்றும் பெயர்பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் சுடுபயிற்சித் திடலாய் இருந்த அது, 1963ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. அதைச் சூழ்ந்த ஆழங் குறைந்த நீரில் ஏறக்குறைய 100 வகை முருகைகளும் 300 வகை மீன்களும் வாழ்கின்றன. கடலுக்கடியில் மான்கொம்பு போலவும், மேசை போலவும், குவித்த மூளை போலவும் கிளைத்தும் பரந்தும் திரண்டும் நிற்கும் அக்காட்சியை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை.

கண்டதைக் கைக்குள் கொண்டுவர விரும்புவது மனித இயல்பு. இன்று உலகின் பல நகரங்களில், முருகைப்பாரின் சிறு சாயல் ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் அமைத்து, வீட்டுக் கூடத்திலே வைத்து வளர்ப்பவர் பலர் உளர். அவர்களுட் கடல் கடந்து வாழும் தமிழரும் உண்டு. அவர்கள் எல்லோரையும் என்றோ ஒரு நாள் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: தொட்டியில் வாழும் முருகைக்குச் சுண்ணாம்பை எந்தக் கருவியால் ஊட்டுவது? கடையில் விலை கேட்டு விடை காணத்தக்க கேள்வி போல இது தோன்றும். ஆயின், அதற்குச் சரியான விடை, சுண்ணாம்புக்கும் மனிதனுக்கும் உள்ள நெடிய உறவின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

முருகை என்பது கல்லா, செடியா, உயிரா என்று பண்டை அறிஞர் மயங்கினர். அது உயிரே. ஊசிமுனை அளவு முதல் விரல்நுனி அளவு வரை சிறுத்த ஓர் உயிர், கடல்நீரிற் கரைந்துள்ள கல்சியத்தையும் இருகாபனேற்றையும் உறிஞ்சித் தன் அடியிலே கல்சியம் காபனேற்றாகப் படியவைக்கின்றது. அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு சமைத்து, இக்கட்டட வேலைக்கு வேண்டிய ஆற்றலை வழங்குகின்றன. தலைமுறை தலைமுறையாக எழும் இவ்வீடுகளின் தொகுதியே முருகைப்பார். உருண்டு திரண்ட இனங்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். ஒரு கூடையளவு முருகைக்கல், ஒரு மனிதன் பிறந்து வளர்ந்து நரைக்கும் காலத்தைத் தன்னுள் அடக்கியது எனலாம்.

இந்த வீட்டைத்தான் மனிதன் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டான். சீமெந்து என்று இன்று வழங்கும் போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் பெறப்பட்டது 1824ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர்க் கோயிலையும் கோட்டையையும் குடிமனையையும் இணைத்து நிறுத்தியது சுண்ணச் சாந்தே. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களில் முருகைக்கல் கல்லாகவே அடுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். கிழக்கிலே கல்குடாப் பகுதியிலும், தென்மேற்கிலே அம்பலாங்கொடை, ஹிக்கடுவைப் பகுதிகளிலும் முருகைக்கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் நெடுங்காலம் நடைபெற்றது. மண்வீட்டுச் சுவருக்குப் பூசிய வெள்ளையும், வெற்றிலைத் தட்டிலே வைத்த நீறும் அந்தக் காளவாயின் பிள்ளைகளே.

காளவாயில் நடப்பது யாது? இதனை முதன்முதல் நிறுத்து அளந்து விளக்கியவர் ஸ்கொட்லாந்து அறிஞர் யோசெப் பிளாக். சுண்ணக்கல்லைச் சுட்டால் அதிற் கட்டுண்டிருந்த ஒரு வாயு வெளியேறுகின்றது என்பதை அவர் 1750களில் நிறுவினார். அவ்வாயுவே இன்று நாம் கரியமில வாயு என்பது. 100 பங்கு கல்லைச் சுட்டால் 44 பங்கு வாயுவாகப் போய்விடும். எஞ்சுவது 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் தெளித்தால் கொதித்துப் பொரிந்து நீற்றின சுண்ணாம்பாகும். அதனை நீரிற் கரைத்து அடியில் தங்கவிட்டு மேலே தெளிந்ததை எடுத்தால், அதுவே சுண்ணாம்புத் தெளிவு. அத்தெளிவைத் திறந்துவைத்தால், காற்றிலுள்ள கரியமில வாயு மீண்டும் அதிற் சேர்ந்து, பாலேடு போன்ற ஒரு படலம் மேலே கட்டும். நெருப்பு பிரித்ததைக் காற்று மீண்டும் கூட்டிவைக்கின்றது. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால், தொட்டிக் கருவிகளின் கதை முழுவதும் எளிதில் விளங்கும்.

கடலுயிர்களைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்பவர் எழுதிய நூல், வீடுதோறும் அவ்வாசையைப் பரப்பிற்று. ஆயினும் அவர்கள் வளர்த்தவை குளிர்கடல் உயிர்கள். வெப்பக்கடல் முருகையோ, கடலைவிட்டு வந்த சில கிழமைகளில் நிறம் வெளுத்து இறந்துவிடும். வெறும் எலும்பையே மக்கள் அலங்காரமாக வைத்துக்கொண்டனர். 1961ஆம் ஆண்டில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையிலே புதுவழி ஒன்றை எழுதினார். உயிர் ஒட்டிய கடற்கல், வெயிலொளி, மெல்லிய காற்றுக்குமிழி ஆகிய இவற்றைக் கொண்டே முருகையைத் தொட்டியில் வாழவைத்தார் அவர். வாழவைத்தல் வேறு, வளரச் செய்தல் வேறு. வளர்ச்சிக்கு இன்னொன்று குறைவாயிருந்தது.

இலங்கைக் கடலடியை உலகத்தார் அறியத் தொடங்கியதும் இக்காலத்தையொட்டியே. 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இத்தீவைச் சூழ்ந்த கடலில் மூழ்கி ஆராய்ந்தனர். திருக்கோணேசுவரத்தின் அடிவாரத்து நீரில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழங்கோயிலின் எச்சங்களையும் கண்டனர். அவர்களோடு தொடர்புடையவரும், இலங்கையிலிருந்து அலங்காரக் கடல்மீன்களை ஏற்றுமதி செய்யும் தொழிலின் முன்னோடியுமான ரொட்னி யொங்க்ளாஸ், அம்மீன்களைப் பிடிப்பது பற்றி 1975ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். மீன்கள் கண்டம் கடந்து உயிரோடு சென்றன. அவற்றின் இல்லமாகிய முருகையைத் தொட்டியில் வளர்க்கும் வித்தையோ அப்பொழுதுதான் ஐரோப்பாவில் உருவாகிக்கொண்டிருந்தது.

குறைவாயிருந்தது யாது என்பதைக் கடல்நீரின் கணக்கே காட்டும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியமும், 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ளன. அதன் காரவளம், ஜெர்மானியர் வகுத்த பாகைக் கணக்கில் 7 முதல் 8 வரை இருக்கும். கடல் எல்லையற்றது, எத்துணை முருகை உறிஞ்சினும் அதன் அளவு குறைவதில்லை. 200 லீற்றர்த் தொட்டியோ சில நாட்களில் வறண்டுவிடும். அங்கே முருகை நோயால் இறக்கவில்லை. கட்டுவதற்குக் கல் இன்றி நின்றுபோயிற்று.

1970களில் பீற்றர் வில்கென்ஸ் என்பார், இக்குறையைச் சுண்ணாம்புத் தெளிவால் நீக்கும் முறையை ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பினார். தொட்டியிலிருந்து ஆவியாகும் நீருக்கு ஈடாக வெறும் நன்னீரை ஊற்றாது, சுண்ணாம்புத் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விடுவதே அம்முறை. தொட்டிநீரிற் கரைந்துள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது முருகைக்கு வேண்டிய இரு பொருள்களையும் ஒருங்கே தருகின்றது. காளவாயில் எதை நெருப்பு பிரித்ததோ, அதைத் தொட்டியிலே முருகை திரும்பக் கூட்டிக்கொள்கின்றது. பேர்லின் நகரத்தில் டீட்ரிஷ் ஸ்ரூபர் முதலிய ஆர்வலர், உயிர்க்கல்லும் நுரைவடியும் பேரொளி விளக்கும் சுண்ணாம்புத் தெளிவும் சேர்த்து, மான்கொம்பு முருகையைத் தொட்டியிலேயே வளர்த்தனர். வளர்ந்த கிளையை ஒடித்து நண்பர்க்குக் கொடுக்கும் அளவுக்கு அது செழித்தது. கடலைத் தொடாமல் முருகையைப் பெருக்கலாம் என்ற உண்மை அந்த ஒடித்த கிளையால் ஊர்ஜிதமாயிற்று.

ஆயினும் தெளிவுக்கும் ஓர் எல்லை உண்டு. சுண்ணாம்பு நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஒரு லீற்றரில் ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவே. சர்க்கரையும் உப்பும் சூடான நீரிற் கூடுதலாகக் கரைய, சுண்ணாம்போ சூட்டிற் குறைவாகக் கரையும். திருகோணமலைப் பகலுக்கு இது நினைவிற் கொள்ளத்தக்கது. மேலும், நாளொன்றுக்கு ஆவியாகும் நீரளவுக்கு மேல் அதனை ஊற்ற இயலாது. ஊற்றினால் உப்பளவு குன்றும். ஆகவே முருகை பெருகப் பெருகச் சுண்ணாம்புத் தெளிவு போதாமற் போயிற்று.

இவ்விடர்ப்பாட்டுக்கு 1990களின் முற்பகுதியில் விடை வந்தது. டுசல்டோர்ஃப் நகர நீர்வாழ் காட்சிச்சாலையைச் சேர்ந்த ரோல்ஃப் ஹெபிங்ஹவுஸ், கல்சியம் ரியாக்டர் என வழங்கும் கலத்தை உருவாக்கினார். மூடிய குழாயொன்றில் இறந்த முருகையின் நொருங்கல்களை நிரப்பி, அதனூடு தொட்டிநீரையும் கரியமில வாயுவையும் செலுத்துவர். நீர் சற்றே அமிலமாகி அந்நொருங்கலைக் கரைக்கும். கரைந்த நீர் துளித்துளியாகத் தொட்டிக்குத் திரும்பும். காளவாய் கரியமில வாயுவை நெருப்பால் விரட்டிற்று. இக்கலமோ அதே வாயுவை அழைத்து வந்து கல்லைக் கரைக்கின்றது. இறந்த முருகை உயிருள்ள முருகைக்கு உணவாகின்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஹான்ஸ் வெர்னர் பாலிங் என்னும் ஜெர்மானியர், வேறொரு வழியைக் காட்டினார். கல்சியம் குளோரைட்டை ஒரு பாத்திரத்திலும், அப்பச்சோடா எனப்படும் சோடியம் இருகாபனேற்றை இன்னொரு பாத்திரத்திலும் தனித்தனி கரைத்து, தொட்டியின் இருவேறிடங்களில் அளந்து விடுவது அது. இரண்டையும் செறிவாகக் கலந்தால் அக்கணமே சுண்ணமாகத் திரிந்து பயனற்றுப் போகும். முருகை தனக்கு வேண்டியதை எடுத்தபின் எஞ்சுவது கறியுப்பே. ஆகையால், அந்த உப்பு நீங்கலான ஏனைய கடலுப்புகளின் கலவையை மூன்றாவது பாத்திரத்திற் சேர்த்து, நீரின் சமநிலையைக் காத்தார் அவர்.

இக்கரைசல்களை நாள்தோறும் அளந்து ஊற்றும் வேலையை இன்று சிறு பம்பிகள் செய்கின்றன. மென்குழாயொன்றை உருளைகள் அழுத்திக்கொண்டே சுழல, உள்ளிருக்கும் திரவம் முன்னோக்கி நகரும். 1930களில் மைக்கேல் டிபேக்கி என்னும் அமெரிக்க மருத்துவர், இரத்தம் ஏற்றுவதற்கு இவ்வகை உருளைப் பம்பியைச் செம்மைப்படுத்தினார். பின்னர் அது இதய அறுவைக்குரிய இயந்திரத்திலும் இடம்பெற்றது. மனிதக் குருதியை நகர்த்திய அதே உபாயம் முருகைக்குச் சுண்ணாம்பு ஊட்டவும் வந்தது.

இவற்றுள் எதனைத் தெரிவது? வரலாறு கற்பிக்கும் முதற் பாடம், வாங்குவதற்கு முன் அளக்கவேண்டும் என்பதே. இன்று தொட்டியின் காரவளத்தை அளந்து, எதுவும் சேர்க்காது, நாளை அதே நேரத்தில் மீண்டும் அளந்தால், முருகையின் அன்றாடச் செலவு தெரிந்துவிடும். 200 லீற்றர்த் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு பாகை குறைகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதனை ஈடுசெய்ய ஏறத்தாழ 2.65 கிராம் சுண்ணாம்பு வேண்டும். அது ஒன்றே முக்கால் லீற்றர்த் தெளிவில் அடங்கும். அத்தொட்டியில் நாள்தோறும் இரண்டு லீற்றர் ஆவியாகுமாயின், தெளிவு ஒன்றே போதும். இரண்டு பாகை குறையுமாயின் தெளிவு தோற்றுவிடும். கரைசல்களும் பம்பியும், அன்றேல் ரியாக்டரும் வேண்டப்படும். மென்முருகைகள் மட்டுமே உள்ள தொட்டிக்கோ, கிழமைதோறும் சிறிதளவு நீரை மாற்றினாலே போதும். கருவி எதுவும் வாங்காதிருப்பதும் சில வேளை சரியான தெரிவே.

பெருந்தொட்டிக்கு ரியாக்டர் உகந்தது. அதன் கல் பல மாதங்களுக்கு வரும். ஆயின் வாயுக்கலன், அழுத்தமானி, மின்வாயில் என உறுப்புகள் பல. திரும்பி வரும் நீர் அமிலச் சார்புள்ளதாகையால், சிலர் அதனோடு சுண்ணாம்புத் தெளிவையும் சேர்த்து நடத்துவர்; ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். நடுத்தரத் தொட்டிக்குக் கரைசலும் பம்பியும் இசையும். ஆனால் உருளை அழுத்தும் குழாய் நாளடைவில் தளர்ந்து, சொன்ன அளவைத் தராது. ஆகவே அளவுக் குவளையில் அவ்வப்போது சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. சுண்ணாம்பைப் பொறுத்தவரை, வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு ஆகாது. அதிற் பிற பொருள்கள் கலந்திருக்கும். தூய நீற்றின சுண்ணாம்பே வேண்டும். கண்ணிலும் தோலிலும் படாது கையாள்வதும் வேண்டும்.

இரண்டாவது பாடம் மேலும் பெரிது. எந்தக் கருவியும் ஒரு நாள் பழுதாகும். பழுதாகும் வேளையில் அது என்ன செய்யும் என்பதை முன்னரே கேட்டறிதல் அறிவுடைமை. பம்பி நின்றுபோனால் முருகை சில நாள் பசித்திருக்கும், கேடில்லை. நில்லாது ஓடினால், ஓரிரவில் தொட்டி முழுதும் சுண்ணாம்பாகி, விடியும்போது உயிர் எதுவும் மிஞ்சாது. ஆகையால், நாள் முழுவதற்கும் வேண்டியதற்கு மேல் பாத்திரத்தில் நிரப்பாதிருப்பதும், பாத்திரத்தைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பதும் பழையோர் கண்ட காப்பு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திரார். மின்சாரம் போனதும் வாயுவை மூடிவிடும் வாயிலும், வந்ததும் தவறவிட்ட அளவையெல்லாம் ஒருசேர ஊற்றிவிடாத பம்பியும் இந்நாட்டுக்கு ஏற்றவை. புவியீர்ப்பால் மட்டுமே இறங்கும் பழைய சொட்டுக் குழாய், இருளிலும் தன் கடமையைச் செய்யும். விலை மிகுந்தது எப்பொழுதும் நம்பத்தக்கது அன்று.

மூன்றாவது பாடம் தொட்டிக்கு வெளியே உள்ளது. தொட்டியில் வைக்கும் முருகை எங்கிருந்து வந்தது? கல்முருகைகள் அனைத்தும் 1990ஆம் ஆண்டு முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் அடங்கியுள்ளன. இலங்கைச் சட்டமும் அவற்றைக் காக்கின்றது. புறாமலையிலிருந்து ஒரு கிளையையோ, ரியாக்டருக்கென்று ஒரு பை நொருங்கலையோ எடுத்துவருவது குற்றம்; குற்றம் மாத்திரமன்று, பேதைமையுமாகும். ஸ்ரூபர் போன்றோர் காட்டிய வழியில், தொட்டியிலே வளர்த்து ஒடித்த கிளையே நேரிய வழியில் வந்தது.

பேதைமை என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. தென்மேற்குக் கரையோரத்துக் காளவாய்களுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சென்றதாக 1984ஆம் ஆண்டில் எடுத்த கணக்கு காட்டிற்று. பின்னர்ச் சட்டம் அதனைத் தடுத்தது. எனினும் இழந்தது மீளவில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, முருகைப்பார் காத்து நின்ற ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரத்தோடு சிறிது தூரமே உள்ளே வந்தது. சில கிலோமீற்றர் அப்பால், பாரைத் தோண்டி எடுத்துவிட்ட பெரலியவில், அது ஏறத்தாழ 10 மீற்றர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்தது. புகைவண்டி ஒன்று பயணிகளோடு கவிழ்ந்ததும் அவ்விடத்திலேதான். காளவாயில் ஓரிரவில் எரிந்த கல், பின்னர் ஒரு காலையில் தன் விலையைக் கேட்டது.

திருகோணமலைப் பார்கள் அத்தகைய சூறையைப் பெரும்பாலும் தப்பியவை. ஆயினும் இன்று வேறொரு தொல்லை காற்றின் வழியே வருகின்றது. தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 280 பங்காயிருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு பகுதியைக் கடல் விழுங்குகின்றது; கடல்நீரின் காரத்தன்மை மெல்லக் குன்றுகின்றது. ரியாக்டர்க் கலத்துக்குள் மனிதன் வேண்டுமென்றே செய்வதை, வேண்டாமலே கடல் முழுவதற்கும் செய்துகொண்டிருக்கின்றான். நீர் சூடேறும்போது நுண்பாசிகள் நீங்கி முருகை வெளுக்கும். 1998ஆம் ஆண்டில் இந்துமாகடல் எங்கும் அது நிகழ்ந்தது.

தொட்டி வளர்ப்பவர் இவ்வளவையும் அறிந்திருத்தல் வேண்டுமோ என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஒரு பிடி முருகையைக் கண்ணாடிக்குள் உயிரோடு வைத்திருக்க எத்தனை அளவுகோல், எத்தனை பாத்திரம், எத்தனை விழிப்பு தேவைப்படுகின்றது என்பதை நாள்தோறும் கண்ணாற் காண்பவர் அவரே. 200 லீற்றருக்கு ஒரு பம்பி போதும். கொட்டியாரக் குடாவுக்கும் நிலாவெளிக் கடலுக்கும் சுண்ணாம்பு ஊட்டத்தக்க பம்பி எந்நாட்டிலும் செய்யப்படவில்லை, செய்யப்படப் போவதுமில்லை. அங்கே அளந்து ஊட்டுவது கடலே. அதன் கையைத் தடுக்காதிருப்பது ஒன்றே மனிதர்க்கு உரிய பணி.